பிளக்கைக் குத்துவதற்கு முன்

கல்முனைக்குடியின் பழைய வீடொன்றின் பரணிலிருந்து மூத்தாப்பா காலத்து வால்வ் ரேடியோ ஒன்று கீழே இறங்கினால், வீட்டிலுள்ள எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “இன்னும் பாடுமா?” அதைப் பார்க்க எல்லோரும் செய்வதும் ஒரே காரியந்தான். தூசியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பிளக்கைக் குத்துவார்கள். ஐம்பது அறுபது வருடம் கறையானுக்கும் எலிக்கும் தப்பிக் கிடந்த பெட்டி பலவும் செத்துப்போவது அந்த ஒரு நிமிடத்தில்தான். உள்ளே காய்ந்துபோன கண்டென்சர் ஷோட் ஆகும். அதற்குக் கரண்ட் கொடுத்த வால்வும் ட்ரான்ஸ்ஃபோமரும் கூடவே கருகும். இருநூறு ரூபாய்ச் சாமானால் முடிந்திருக்க வேண்டிய வேலை, எங்கும் கிடைக்காத சாமானைத் தேடி அலையும் வேலையாகிவிடும். அதனால் இந்த அத்தியாயத்தில் பிளக்கைப் பற்றிய பேச்சு பாதி வழி தாண்டித்தான் வரும்.

இந்தப் பெட்டிகள் எந்தக் காலத்தவை என்று தெரிந்தால், உள்ளே என்ன இருக்கும் என்பதைப் பாதி ஊகித்துவிடலாம். 1920களின் முற்பகுதியில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்திப் பொறியியலாளர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து கிராமபோன் இசையைச் சோதனையாக ஒலிபரப்பினார். 1925 டிசம்பரில் முறையான சேவை தொடங்கியது. இரண்டாம் உலகப் போரையொட்டி நேசநாட்டுப் படையினருக்காக ஏகலவில் நிறுவப்பட்ட பெரிய சிற்றலை ஒலிபரப்பி பின்னர் நாட்டுக்குக் கிடைத்தது. 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயர் வந்தது, 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. நமது வீடுகளில் இன்று அகப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை இதற்குப் பிந்திய பதினைந்து வருடங்களைச் சேர்ந்தவை. பிலிப்ஸ், மர்பி, பை, புஷ், எக்கோ, கிரண்டிக் என்று முகப்பில் பெயர் இருக்கும். டயலில் மத்திய அலையோடு 25, 31, 41 மீற்றர் சிற்றலைகளும் தெரியும். மயில்வாகனத்தின் குரலையும் பின்னாளில் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களையும் வீட்டுக்குள் கொண்டுவந்த அலைகள் அவை. நோன்பு முடியும் இரவில் பிறை அறிவித்தலுக்காக அயலவர்கள் விறாந்தையில் கூடிநின்றதும் இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு முன்னால்தான்.

ஒரே வருடத்தில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று கண்டியிலும் மற்றது கல்முனைக்குடியிலும் வாழ்ந்திருந்தால், இன்று இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. காரணம் கடல். உப்பு படிந்த தூசு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரம் பிடித்த தூசு மெல்லிய கரண்ட் பாதையாகிவிடும். இரும்புச் சேசிஸில் துரு பூக்கும், செப்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடிக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டுக்குள் வந்தபோது நனைந்து, பிறகு துடைத்து வைக்கப்பட்ட பெட்டி என்றால் கதையே வேறு. அதன் ட்ரான்ஸ்ஃபோமர் சுற்றுகளுக்குள் புகுந்த உப்பை எந்தத் துணியாலும் துடைத்தெடுக்க முடியாது. அப்படிப்பட்ட பெட்டியைக் கையிலெடுப்பவர், மரமும் டயலும் ஸ்பீக்கரும் மிஞ்சினால் போதும் என்ற மனநிலையோடுதான் தொடங்க வேண்டும்.

வேலைக்கு நல்ல காலம் கச்சான் காற்று வீசும் மாதங்கள். அந்த உலர்ந்த காற்றில் மரம் காயும், பசை பிடிக்கும், பொலிஷ் பால்போல் வெளுக்காமல் படியும். மாரியில் தொடங்கிய மரவேலை மாரி முடியும்வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். மழை மாதங்களில் சோல்டரிங் வேலையை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

பின் மூடியைக் கழற்றியதும் எதையும் தொடாமல் கையடக்கத் தொலைபேசியால் எல்லாப் பக்கமும் படமெடுக்க வேண்டும். எந்த வால்வ் எந்தக் குழியில், எந்த வயர் எங்கே, நூல் எந்தக் கப்பியைச் சுற்றிப் போகிறது என்பதெல்லாம் படத்தில் இருக்கட்டும். இரண்டு கிழமை கழித்து இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும். அதன் பிறகு வால்வுகளின் பெயர்களை எழுதிக்கொள்ளலாம். கண்ணாடியில் அச்சிட்ட எழுத்து விரல் பட்டாலே அழியக்கூடும் என்பதால் துடைப்பதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது.

அந்தப் பெயர்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஐரோப்பிய வால்வ் ஒன்றின் முதலெழுத்து, அதன் இழை எப்படிச் சூடாகிறது என்பதைச் சொல்லும். ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட். ‘டி’ என்றால் 1.4 வோல்ட்; மின்சாரம் வராத வீடுகளில் பெரிய பற்றரிக் கட்டோடு ஓடிய பெட்டிகளின் வால்வ் அது. ‘யூ’ என்றால் 100 மில்லி அம்பியர். எல்லா இழைகளும் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு நேரே மெயின் கரண்டில் எரியும். அடுத்து வரும் எழுத்துகள் வால்வின் வேலையைச் சொல்லும். ‘எல்’ ஸ்பீக்கருக்குப் பலம் கொடுக்கும் கடைசி வால்வ். ‘ஸெட்’, ‘வை’ இரண்டும் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர்கள். ஈசிஎச் 81, ஈஎஃப் 89, ஈபிசி 81, ஈஎல் 84, ஈஸெட் 80 என்ற ஐந்தும் வரிசையாக நின்றால், அது ஐம்பதுகளின் பிற்பகுதியில் வந்த நல்ல குடும்பப் பெட்டி. முதல் முயற்சிக்கு இதைவிட ஏற்ற பெட்டி கிடைப்பது அரிது.

யூசிஎச், யூஎல், யூவை என்று வாசிக்க நேர்ந்தால் அங்கேயே நிற்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் மெயின் ட்ரான்ஸ்ஃபோமர் கிடையாது. மெயின் வயர் ஒன்று நேரே சேசிஸோடு இணைந்திருக்கும். பிளக் திரும்பிக் குத்தப்பட்டால் இரும்புச் சட்டம் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். குமிழைப் பிடிக்கும் சின்னத் திருகாணியும் அந்தச் சட்டத்தைச் சேர்ந்ததே. அதனால்தான் பழைய தொழிற்சாலைகள் அந்தத் திருகாணிக் குழியை மெழுகால் அடைத்து அனுப்பின. மெழுகு உதிர்ந்து, பின் மூடியும் இல்லாமல் இருக்கும் யூ வகைப் பெட்டி சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு நாளும் மெயினில் இருக்கக் கூடாது. மெயினிலிருந்து பிரிக்கும் தனி ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று இல்லாமல் அதில் கைவைக்கவும் கூடாது. முதல் பெட்டியாக அதை எடுக்காமல் விடுவதே இந்த நூலின் அறிவுரை.

‘ஈ’ என்று தொடங்கினாலும் முழுதாக நம்பிவிட முடியாது. சில கம்பனிகள் செலவைக் குறைக்க ஒற்றைச் சுற்று ட்ரான்ஸ்ஃபோமரைப் போட்டன. அவற்றிலும் சேசிஸ் மெயினோடு சேர்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளியது. பிளக் கையிலிருக்க, ரேடியோவின் சுவிட்ச் போட்டபடி, ஓம் மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் ஊசியிலும் மறுமுனையைச் சேசிஸிலும் வைக்க வேண்டும். பிறகு மற்ற ஊசியிலும் அப்படியே. இரண்டிலும் மீட்டர் முடிவிலியைக் காட்டினால் சேசிஸ் தனியாக நிற்கிறது. பூச்சியமோ சில பத்து ஓமோ காட்டினால் அது மெயினோடு ஒட்டிய பெட்டி.

துப்புரவு செய்யும்போது அதிகம் வேண்டியது காற்றும் உலர்ந்த தூரிகையும். குளவிக் கூடு, பல்லி முட்டை, எலி கொறித்த கடதாசி எல்லாம் வெளியே வந்தபின், சேசிஸின் மேற்பக்கத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். நிலையத்தை மாற்றும் கேங் கண்டென்சரின் தகடுகளுக்கு இடையில் மெல்லிய தூரிகை மட்டும் போகட்டும். ஒரு தகடு வளைந்தாலும் டயலில் நிலையங்கள் இடம் மாறிவிடும். வால்வுக்கு மேலே கூட்டின் உள்பக்கம் சாம்பல் நிற அட்டை ஒட்டியிருந்தால் அது அஸ்பெஸ்டஸாக இருக்கக்கூடும். அதைச் சுரண்டாமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

டயல் கண்ணாடியைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் உள்பக்கத்தில் எழுதப்பட்ட ஊர்ப் பெயர்களும் எண்களும் தண்ணீர் பட்டாலே கரைந்து வரக்கூடியவை. ஸ்பிரிட் பட்டால் நிச்சயம் போய்விடும். வெளிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, எழுத்துள்ள பக்கத்தை மென்தூரிகையால் தட்டிவிட்டால் போதும். கொஞ்சம் அழுக்கு மிஞ்சினால் மிஞ்சட்டும். வால்வுக்கு மாற்று வால்வ் கிடைக்கும். எழுத்தழிந்த கண்ணாடிக்கு மாற்று கிடையாது.

வால்வைக் கண்ணால் பார்த்தே ஒரு விஷயம் சொல்லிவிடலாம். கண்ணாடியின் உச்சியில் வெள்ளிக் கண்ணாடிபோல் ஒரு பூச்சு இருக்கும். அது வெண்சுண்ணாம்பாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வ் முடிந்தது. பூச்சு மினுமினுப்பாக இருந்து, இழையின் இரண்டு ஊசிகளுக்கு இடையில் மீட்டர் சில ஓம் காட்டினால் நம்பிக்கை வைக்கலாம். வால்வ் போய்விட்டதாக நினைத்து எல்லாவற்றையும் மாற்றத் துடிப்பவர்கள் அதிகம். உண்மையில் பழைய பெட்டிகளில் வால்வ்தான் கடைசியாகக் கெடும் சாமான்களில் ஒன்று.

முதலில் கெடுவது கண்டென்சர். அதிலும் குறிப்பாக மெழுகோ தாரோ பூசிய கடதாசி கண்டென்சர்கள். கடதாசி ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய கடதாசி கரண்டைக் கசியவிடும். கடலோரத்தில் இது இன்னும் மோசம். சாதாரண மீட்டர் சில வோல்ட்டில் அளப்பதால் எல்லாம் சரி என்றே காட்டும். 200 வோல்ட் ஏறியதும் அதே கண்டென்சர் கசியத் தொடங்கும். ஆகவே சோதித்துக்கொண்டிராமல் கடதாசி வகையை எல்லாம் மாற்றிவிடுவதுதான் முறை. அதே அளவு மைக்ரோ பரட், 630 வோல்ட் பொலியெஸ்டர் கண்டென்சர் போதும். கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்வருபவர் எவரிடமும் சொல்லி எடுப்பிக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த இடத்தில் புதியதை வைத்து, படமெடுத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டியெடுத்தவர்கள் பெட்டியை மீண்டும் பரணில்தான் ஏற்றியிருக்கிறார்கள். மைக்கா, செரமிக் வகைகளைத் தொட வேண்டியதில்லை.

இவற்றில் ஒன்றே ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஈபிசி 81 வால்விலிருந்து வரும் ஒலியைக் கடைசி வால்வான ஈஎல் 84இன் கிரிட்டுக்குக் கடத்தும் சின்னக் கண்டென்சர் அது. வழக்கமாக 0.01 அல்லது 0.02 மைக்ரோ பரட் இருக்கும். ஒரு பக்கம் நூறு வோல்ட்டுக்குக் கிட்ட இருக்க, மறுபக்கம் பூச்சியத்தில் இருக்க வேண்டும். இது கசிந்தால் கிரிட் நேர்மின் பக்கம் ஏறும். வால்வ் தன் அளவுக்கு மிஞ்சிய கரண்டை இழுக்கும், தகடு சிவக்கும், அந்தக் கரண்ட் முழுவதும் மெல்லிய சுற்றுள்ள அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் வழியாகப் போய் அதை அறுக்கும். ஒரு சின்னக் கண்டென்சர் பெட்டியின் இரண்டு விலைமதிப்பான உறுப்புகளைக் கொன்றுவிடும். நேரமில்லாதவர் இந்த ஒன்றையாவது மாற்றாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது.

ஈஎல் 84இன் அனோட்டில் தொங்கும் ஒலி மட்டுப்படுத்தும் கண்டென்சருக்கு 630 வோல்ட் போதாது. 1000 வோல்ட்டும் அதற்கு மேலும் தாங்குவதைப் போட வேண்டும். மெயின் வயர்களுக்குக் குறுக்கே ஒன்று இருந்தால், அதற்கென்றே செய்யப்பட்ட எக்ஸ் 2 வகையை மட்டும் வைக்க வேண்டும்.

அலுமினியக் குவளைபோல் நிமிர்ந்து நிற்கும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் ஈரப்பசை காய்ந்துபோயிருக்கும். அதைக் கழற்றி எறியாமல், அதன் வயர்களை மட்டும் பிரித்துவிட்டு, சேசிஸின் அடியில் 450 வோல்ட் புதிய கண்டென்சர்களை மறைத்துப் பொருத்தினால் பெட்டியின் தோற்றம் கெடாது. பெரிது நல்லதென்று நினைத்து 100 மைக்ரோ பரட் போடக் கூடாது. ஈஸெட் 80 ரெக்டிஃபயரை அடுத்து நிற்கும் முதல் கண்டென்சர் 50ஐத் தாண்டக் கூடாது என்பது அந்த வால்வைச் செய்தவர்கள் வகுத்த எல்லை. 47 பொருத்தம். நேர்முனையும் எதிர்முனையும் மாறிப்போனால் அது வெடிக்கும். இதை மட்டும் மூன்று முறை பார்த்துவிட்டுச் சோல்டர் வைக்க வேண்டும்.

ரெசிஸ்டர்களில் ஒரு லட்சம் ஓமுக்கு மேற்பட்டவை காலப்போக்கில் மேலே ஏறிவிடும். 20 சதவீதத்துக்கு மேல் விலகியதை மாற்றினால் போதும். இறப்பர் உறையிட்ட வயர் தொட்டதும் பொடியாக உதிர்ந்தால் அதையும் மாற்ற வேண்டும். மெயின் வயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: புதியது, மூன்று கம்பி உள்ளது. சேசிஸ் தனியாக நிற்கும் பெட்டியில் பச்சை மஞ்சள் கம்பியைச் சேசிஸில் திருகிவிடலாம். மெயினோடு ஒட்டிய பெட்டியில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. சதுர ஊசிப் பிளக் என்றால் உள்ளேயிருக்கும் 13 அம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 3 அம்பியர் போட வேண்டும். பெட்டியின் பின்னால் வோல்ட் தெரிவு செய்யும் இடம் இருந்தால் அது 110இல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 245 என்று ஓர் இடம் இருந்தால் அதுதான் நமது 230க்குப் பாதுகாப்பானது.

இப்போதுதான் பிளக்.

அதையும் நேரே குத்துவதில்லை. இடையில் பழைய இழைக் குமிழ் ஒன்று, 60 வாட்ஸ், தொடராக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். எல்இடி குமிழ் இதற்கு உதவாது. பெட்டிக்குள் எங்காவது ஷோட் இருந்தால் கரண்ட் முழுவதையும் குமிழ் தன்மேல் வாங்கிக்கொண்டு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிவிடும். ஒரு மரப்பலகையில் ஹோல்டரும் சொக்கட்டும் பொருத்திச் செய்யும் இந்த ஏற்பாடுதான் வீட்டுப் பட்டறையின் மிகப் பெரிய காவல். வேலை மேசை ட்ரிப் சுவிட்ச் உள்ள வயரிங்கிலிருந்து கரண்ட் எடுப்பதாக இருக்க வேண்டும். காலில் செருப்பு, கீழே உலர்ந்த தரை, வீட்டில் இன்னொருவர். கரண்ட் உள்ள பெட்டிக்குள் ஒரு கை மட்டும் போக வேண்டும், மற்றது முதுகுக்குப் பின்னால். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒரு கையில் ஏறி மறுகையால் இறங்கும். நடுவில் இருப்பது நெஞ்சு. பிளக்கைக் கழற்றிய பிறகும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரில் 250 வோல்ட் தங்கியிருக்கலாம். 10,000 ஓம் ரெசிஸ்டரை இன்சுலேற் செய்த பிடியில் கட்டி, சில விநாடி தொட்டு இறக்கி, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகே கை போக வேண்டும்.

முதல் தடவை ரெக்டிஃபயர் வால்வைக் கழற்றி வைத்துவிட்டுக் கரண்ட் கொடுக்க வேண்டும். குமிழ் ஒரு கணம் மின்னி மங்க வேண்டும். மங்காமல் முழுதாக எரிந்தால் மற்ற வால்வுகளையும் கழற்றிப் பார்க்கலாம். அப்போதும் எரிந்தால் மெயின் ட்ரான்ஸ்ஃபோமரில் சுற்று ஷோட். மங்கினால் நல்ல செய்தி: வால்வுகளின் அடியில் செந்நிற ஒளி மெல்லத் தெரியும். டயல் குமிழும் எரியும். ஒரு மணி நேரம் இப்படியே விட்டால் ட்ரான்ஸ்ஃபோமருக்குள் தங்கிய ஈரமும் கொஞ்சம் காயும். கடற்கரை வீட்டுப் பெட்டிக்கு இந்த ஒரு மணி நேரம் வீணல்ல.

அடுத்து ரெக்டிஃபயரைப் போட்டு, ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்று உறுதிசெய்துவிட்டு, மீண்டும் குமிழ் வழியாகவே கரண்ட். மீட்டரின் கறுப்பு முனை சேசிஸில் கவ்வியிருக்க, சிவப்பு முனையால் ஈஎல் 84இன் ஊசிகளைப் பார்க்க வேண்டும். அடியிலிருந்து பார்க்கும்போது இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். இரண்டாம் ஊசி கிரிட்; அங்கே பூச்சியம். மூன்றாம் ஊசி கதோட். ஏழாம் ஊசியில் அனோட், ஒன்பதாம் ஊசியில் ஸ்கிரீன். இரண்டிலும் உயர் வோல்ட். எல்லாம் ஒழுங்கென்றால் தொடர் குமிழை நீக்கி முழு மெயினில் போடலாம். அப்போது கதோட்டில் சுமார் 7 வோல்ட் நிற்கும். கிரிட்டில் ஒரு வோல்ட் நேர்மின் தெரிந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். கடத்தும் கண்டென்சரோ வால்வோ இன்னும் சரியில்லை.

ஏழாம் ஊசியில் ஒன்றுமில்லாமல் ஒன்பதில் மட்டும் வோல்ட் இருந்தால், இந்தக் கரையில் பலர் சந்திக்கும் நோய் அது: அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமரின் முதல் சுற்று அறுந்துபோயிருக்கிறது. தலைமயிரளவு மெல்லிய செப்புக் கம்பி 250 வோல்ட் நேர்மின்னில் நிற்க, பக்கத்திலுள்ள இரும்பு பூச்சியத்தில் நிற்கிறது. இடையில் உப்பீரம். முலாம் பூசும் தொட்டியில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. செப்புக் கரைந்து ஓரிடத்தில் பச்சைப் புள்ளியாகி அறுகிறது. மின்விசிறிக்குக் கொயில் சுற்றும் கடைகளில் பொறுமையுள்ள கை கிடைத்தால் மீளச் சுற்றுவிக்கலாம். உடனடி மாற்று ஒன்று ஊரிலேயே இருக்கிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளுக்குப் பூட்டும் 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்ஃபோமரில் 2 வாட்ஸ் முனையைப் பிடித்தால், 100ஐ 100ஆல் பெருக்கி 2ஆல் வகுக்க வருவது 5000 ஓம். ஈஎல் 84 கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான். அடித்தொனி சற்றுக் குறையும். செய்தி கேட்கவும் பாட்டுக் கேட்கவும் அது தடையாகாது. பழைய ட்ரான்ஸ்ஃபோமரை எறியாமல் கூட்டுக்குள்ளேயே கட்டிவைத்தால், பின்னொரு நாள் அதைச் சுற்றக்கூடியவர் கிடைக்கலாம்.

ஒலி வந்தும் கரகரத்தால் வொலியூம் கொன்ட்ரோலிலும் அலை மாற்றும் சுவிட்சிலும் கொன்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு இருபது தடவை திருப்ப வேண்டும். வெள்ளி டப்பாக்களின் உச்சியில் தெரியும் இரும்புத் திருகுகளைத் திருப்பிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அவை தளர்ந்த ஆணிகளல்ல. 450 கிலோ ஹேர்ட்ஸை ஒட்டித் தொழிற்சாலையில் ஒத்திசைத்து மெழுகால் மூடியவை. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாதவர் அவற்றைத் திருப்பினால் பெட்டி செவிடாகிவிடும்.

முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்தால் கடலோர ஊருக்குக் கவலையே இல்லை. ஆனால் தங்கூசி உதவாது. வழுவழுப்பானது, கப்பியில் வழுக்கும், இழுபட்டு நீளும். வலை முடையும் முறுக்கிய மெல்லிய நைலோன் நூல்தான் வேண்டும். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சுருளியின் இழுவையில் நிற்கும்படி முடிய வேண்டும். வலைக்காரர்களின் முடிச்சு இங்கே நன்றாகப் பிடிக்கும்.

ஸ்பீக்கருக்கு முன்னால் உள்ள துணி கிழிந்திருந்தால் மருதமுனைத் தறிகளைத் தேடிப் போகலாம். பழைய பிரித்தானியப் பெட்டிகளின் பழுப்புப் பொன்னிறத் துணிக்குக் கிட்டிய நிறம் அங்கே கிடைக்கும். இழை இடைவெளி விட்டு நெய்ததாக இருக்க வேண்டும். வாயருகே பிடித்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும். கஞ்சியை அலசிக் காயவைத்து, நூல் கோடு நேராக நிற்கும்படி இழுத்து ஒட்டினால் பெட்டியின் முகம் தெளிந்துவிடும். மரக்கூட்டில் மேல்தகடு கிளம்பிய இடங்களில் மரப்பசை வைத்து, மேலே பலகையும் பாரமும் வைத்து ஒரு நாள் விடலாம். அதன்மேல் பெயின்ட் மட்டும் வேண்டாம். பழைய பொலிஷைச் சுரண்டாமல், அரக்குப் பொலிஷை மெல்லிய கையால் பூசினால் மரத்தின் வயது அழகாகவே தெரியும். பேக்லைட் கூடு என்றால் பித்தளை துலக்கும் பொலிஷைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் போதும்.

இனி ஏரியல். பத்து மீற்றர் வயரை விறாந்தைத் தூணிலிருந்து தென்னைக்குக் கட்டலாம். காற்றில் தென்னை ஆடுவதற்குக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். பகலில் போட்டால் இரைச்சல்தான் கூடுதலாகக் கேட்கும். வீட்டிலுள்ள எல்இடி குமிழ்களும் தொலைபேசிச் சார்ஜர்களும் மத்திய அலையைக் குழப்புகின்றன. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். இன்றைய உள்ளூர்ச் சேவைகளில் பெரும்பாலானவற்றைப் பண்பலையில்தான் கேட்கலாம். ஐம்பதுகளின் பெட்டி பலவற்றில் அந்த அலை இல்லை. பின்னால் பிக்கப் என்றெழுதிய துளைகள் இருந்தால், கிராமபோனுக்கென்று வைத்த அந்த வழியில் தொலைபேசியின் ஒலியைக் கொடுக்கலாம். இடது வலது இரண்டையும் தனித்தனி 4700 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கிக் கொடுக்க வேண்டும். சேசிஸ் மெயினோடு ஒட்டிய பெட்டியில் இதை முயலவே கூடாது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு நிலைமை மாறும். பகலில் மத்திய அலையை உறிஞ்சிய வளிமண்டலப் படை சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும், தொலைதூர அலைகள் வானத்தில் பட்டுத் திரும்பும். பச்சைக் கண் உள்ள பெட்டியானால் முள் நிலையத்தின்மேல் வரும்போது அந்தக் கண் சுருங்கி இறுகும். கடலுக்கு அப்பாலுள்ள இந்திய நிலையமொன்றின் தமிழ்க் குரல் மெதுவாக ஏறியும் இறங்கியும் கேட்கும். முதல் இரவில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, நடுவில் பிளக்கைக் கழற்றி மெயின் ட்ரான்ஸ்ஃபோமரில் கைவைத்துப் பார்க்க வேண்டும். கை தாங்கும் சூடென்றால் சரி. கையை இழுக்க வைத்தால் மறுபடி மேசைக்கு. தூரத்தில் மின்னல் வெட்டினால் ஏரியலைக் கழற்றி வெளியே தரையில் குத்திய இரும்புக் கம்பியோடு கட்டிவிட்டு, பிளக்கையும் கழற்றிவிட வேண்டும்.